சுப்பீரியர் ஏரிக்கரையில் இரண்டு இரவுகள்

எமது சிறுபிராயத்தில் புரட்டாதிப் பூரணைக்கு வல்லிபுர ஆழ்வார் கோயிற் கடல் தீர்த்தத்திற்குப் போவதென்றால், முதல்நாட் பின்னேரமே கூடார வண்டி புறப்பட்டுவிடும். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன்மேற் பாய் விரித்து, ஒரு மூலையிற் கட்டுச்சோறும் மறு மூலையில் நீர்க்குடமுமாக எமது தாயார் ஒரு சிறு குடித்தனத்தையே அமைத்துவிடுவார். வண்டியின் அடியில் ஓர் அரிக்கன் லாம்பு ஆடிக்கொண்டே வரும். மணற்பாதையில் அதன் வெளிச்சம் முன்னும் பின்னும் அசைவதைப் பார்த்தபடி நானும் தம்பியும் உறங்கிப்போவோம். வீட்டை விட்டுப் போகின்றோம் என்ற எண்ணமே எழாது. வீடே எம்முடன் கூட வருகின்றது என்றுதான் தோன்றும்.

அறுபது ஆண்டுகள் கழிந்தபின், 2023ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதத்தில், அதே தம்பியுடன் மீண்டும் ஒரு வண்டிவீட்டிற் பிரயாணஞ் செய்யும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. இம்முறை தேசம் வேறு, வண்டியும் வேறு. காளைகளுக்குப் பதிலாக ஒரு பெரிய பிக்கப் வாகனம் இழுத்தது. அடியில் ஆடிய அரிக்கன் லாம்பின் இடத்தை ஒரு முழு மின்சார ஏற்பாடு பிடித்திருந்தது. அந்த ஏற்பாடு நடுக்காட்டில் எம்மைக் கைவிட்டதையும், அதனை நாம் மீட்டெடுத்ததையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உருளும் வீடு

என் தம்பி ரொறன்ரோ நகரையடுத்த ஸ்காபரோவில் நெடுங்காலமாக வசிப்பவன். கனடாவில் ஒக்தோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை நன்றி நவிலும் நாள். அதனையொட்டிப் பல பல்கலைக்கழகங்களில் ஒருவார விடுமுறையும் வருகின்றது. பொறியியல் கற்கும் என் பெறாமகளுக்கும் அவ்வாறு விடுமுறை வாய்த்தது. "அண்ணை, உங்களுக்குக் கனடாவைக் காட்டுறதெண்டால் ரொறன்ரோவைக் காட்டிப் பிரயோசனமில்லை. வடக்கே போகவேணும்" என்றான் தம்பி. அவன், அவன் மனைவி, மகள், நான் என நால்வராகப் புறப்பட்டோம்.

'ட்ரெயிலர்' என்று அங்குள்ளோர் அழைக்கும் அந்த வண்டிவீடு இருபத்துநான்கு அடி நீளமுடையது. உள்ளே கட்டில், சமையலறை, குளியலறை, உணவு மேசை எல்லாம் உண்டு. மேசையைத் தாழ்த்தி மெத்தையை விரித்தால் அதுவே எனது படுக்கை. அடுப்புக்கும் கணப்புக்கும் வாயு, குழாய்க்குத் தொட்டி நீர், விளக்குகளுக்குப் பற்றறி. முகாம்கள் பலவற்றில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மின்தூண் நாட்டியிருப்பார்கள். தடித்த கம்பியொன்றால் வண்டியை அத்தூணில் இணைத்துவிட்டால், நகரத்து வீட்டில் இருப்பதற்கும் அங்கு இருப்பதற்கும் வேறுபாடில்லை.

தூண் இல்லாத இடங்களுக்காகத் தம்பி வேறு ஏற்பாடு செய்திருந்தான். ஆறு வோல்ற்றுப் பற்றறிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு 12 வோல்ற்றைத் தந்தன. அந்த நேரோட்டத்தை வீட்டுச் சாதனங்களுக்குரிய 120 வோல்ற்று ஆடலோட்டமாக மாற்ற ஓர் இன்வேர்ட்டர். எமது நாட்டில் 230 வோல்ற்று. அங்கே 120 என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க. அந்த இன்வேர்ட்டர் சார்ஜராகவும் தொழிற்படுவது. வெளியிலிருந்து மின்சாரம் வந்தால் அதன் வோல்ற்றளவையும் மீடிறனையும் சில கணம் சோதித்துப் பார்த்து, சரியெனக் கண்டால் அதனை வண்டிக்குள் விட்டு, தான் பற்றறிகளை நிரப்பத் தொடங்கும். வெளியிலிருந்து வருவது நின்றால், பற்றறிகளிலிருந்து எடுத்து வண்டிக்குக் கொடுக்கும். ஒரே பெட்டி வரவையும் செலவையும் மாறிமாறிப் பார்த்துக்கொள்கிறது. வரவுக்காக ஒரு சிறு பெற்றோல் மின்பிறப்பாக்கியும் உடன் வந்தது. அது தொடர்ந்து தரவல்லது 1,600 உவாற்று; சிறிது நேரத்திற்கு மட்டும் 2,000.

அந்த இன்வேர்ட்டரைத் தானே வாங்கித் தானே பூட்டியதாகத் தம்பி பெருமையுடன் கூறினான். இப்பெருமை பின்னர் வரப்போகின்ற கதைக்கு முக்கியமானது.

ஏரியா, கடலா?

முதலாம் நாள் சட்பரி நகருக்கு அருகில் தங்கினோம். நிக்கல் சுரங்கங்களாற் பெயர்பெற்ற ஊர் அது. ஒன்பது மீற்றர் உயரமான ஐந்து சத நாணயமொன்றை 1964இல் அங்கே நாட்டியிருக்கிறார்கள். அன்றிரவு முகாமில் மின்தூண் இருந்தது. ஒரு குறையும் இல்லை.

மறுநாள் சூ சென்ற் மேரி நகரைக் கடந்து, 17ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினோம். சற்று நேரத்தில் இடப்புறம் நீர் தோன்றியது. மறுகரை தெரியவில்லை. அலை அடித்தது, நாரைபோன்ற வெண்பறவைகள் பறந்தன, மூக்குக்கு மட்டும் உப்பு மணம் எட்டவில்லை. "இது ஏரி, பெரியப்பா" என்றாள் பெறாமகள். சுப்பீரியர் ஏரியின் பரப்பு ஏறக்குறைய 82,100 சதுரக் கிலோமீற்றர். எமது இலங்கைத்தீவு 65,610 தான். தீவு முழுவதையும் அதற்குள் இறக்கிவைத்தாலும் சுற்றிலும் நீர் மிஞ்சும். அதன் மிகக்கூடிய ஆழம் 406 மீற்றர். இலையுதிர்காலக் காற்று எழுந்தால் அந்த நீர் கடலைப் போலவே கொடுமை செய்யும். 1975ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் எட்மண்ட் ஃபிற்ஸ்ஜெரால்ட் என்ற பெருங்கப்பல் அங்கே புயலில் மூழ்கியது. அதிலிருந்த 29 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அச்சாலையும் எளிதில் உண்டானதன்று. கருங்கல் மலைகளைப் பிளந்து, சதுப்புக்களைத் தூர்த்து, சூ சென்ற் மேரிக்கும் வாவா என்னும் ஊருக்கும் இடைப்பட்ட பகுதி 1960ஆம் ஆண்டு செப்டெம்பரிற்றான் திறக்கப்பட்டது. அந்நாளின் ஞாபகமாக வாவாவிலே ஒரு பெரும் வாத்துச் சிலையை எழுப்பினர். ஊரின் பெயரே வாத்தினத்தைக் குறிக்கும் ஓஜிப்வே சொல்லிலிருந்து வந்தது. சாலைக்குப் பல தலைமுறை முன்னரே அம்மக்கள் அவ்வழியே படகிற் சென்றார்கள் என்பதற்கு அகாவாப் பாறை சான்று. நீர்விளிம்பிற் செங்குத்தாய் நிற்கும் அக்கற்சுவரிலே செங்காவியால் வரைந்த உருவங்கள் இன்றும் உள்ளன. கொம்பும் முதுகில் முட்களும் கொண்ட மிஷிபெஷு என்ற நீர்த்தெய்வம் அவற்றுள் ஒன்று. ஏரியைக் கலக்கவும் அடக்கவும் வல்லது அதுவென்பது அவர்கள் நம்பிக்கை.

மலைச்சரிவெங்கும் மேப்பிள் இலைகள் செம்மையும் மஞ்சளுமாய் எரிந்துகொண்டிருந்தன. மாலை ஐந்து மணியளவில் வாவாவுக்குத் தெற்கே, ஏரிக்கரையோரத்துச் சிறிய முகாமொன்றில் வண்டியை நிறுத்தினோம். அங்கே மின்தூண் இல்லை. தம்பி இன்வேர்ட்டரை இயக்கினான். விளக்குகள் எரிந்தன. "பாத்தீங்களோ அண்ணை?" என்றான்.

அதிகாலை மூன்று மணி

நான் உறக்கம் குறைந்த கிழவன். மேசைப் படுக்கையிற் படுத்திருந்தபோது எனக்கு அடியில் ஏதோவொன்று 'ம்ம்' என்று இரைந்துகொண்டே இருந்தது. வண்டிவீடு என்றால் ஏதாவது இரையத்தான் செய்யும் என்று நானும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மூன்று மணியளவில் இன்வேர்ட்டரின் அபாய ஒலி கீச்சிட்டு நின்றது. இருள் மூடியது. கணப்பின் விசிறி மெல்ல மெல்லத் தளர்ந்து ஓய்ந்தது. கணப்பு எரிவது வாயுவினாலாயினும், அவ்வெப்பத்தைப் பரப்பும் விசிறிக்கும் அதனைக் கட்டுப்படுத்தும் கருவிக்கும் பற்றறி வேண்டும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். வெளியே உறைநிலையை அண்டிய குளிர்.

அதனினும் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. தம்பிக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் உண்டு. முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் சிறு இயந்திரமொன்றைப் பூட்டிக்கொண்டுதான் அவன் உறங்குவான். அதுவும் நின்றது. அவன் திடுக்கிட்டு எழுந்து, முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வாயைத் திறந்து காற்றை விழுங்கிய சத்தம் இன்னும் என் காதில் நிற்கின்றது. அதன்பின் விடியும்வரை அவன் உறங்கவில்லை. கம்பளிகளைச் சுற்றிக்கொண்டு நால்வரும் உட்கார்ந்திருந்தோம். இரவில் மின்பிறப்பாக்கியை இயக்குவது அம்முகாமில் தடை. அயலில் உறங்குபவர்களுக்காகப் பெரும்பாலான முகாம்களில் அதுவே விதி.

மழையும் புகையும்

விடிந்ததும் மழை. தம்பி ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதன்கீழ் மின்பிறப்பாக்கியை வைத்து முடுக்கினான். அது நன்றாகவே ஓடியது. வண்டியை இணைத்தான். சில கணங்கள் கழிந்து இயந்திரம் பெரிதாய் உறுமியது; செவ்விளக்கு எரிந்தது; மின்சாரம் அற்றது. மீண்டும் முயன்றான், மீண்டும் அதுவே. மூன்றாம் முறையும் அவ்வாறேயாக, மின்பிறப்பாக்கி பழுது என்று தீர்மானித்தான். சற்று நேரத்தில் இல்லை, இன்வேர்ட்டர்தான் பழுது என்றான். இறுதியில் இரண்டும் பழுது. சூ சென்ற் மேரிக்குத் திரும்பிப்போய் இரண்டையும் புதிதாக வாங்கவேண்டும் என்றான். இரண்டின் விலையும் சேர்ந்தால் எமது ஊரில் ஒரு குடும்பம் பல மாதம் சீவிக்கலாம்.

காற்று மாறிச் சாரல் தார்ப்பாய்க்குள் அடித்தது. மின்பிறப்பாக்கியைத் தூக்கிவந்து வண்டியின் வாசற் பந்தலின்கீழ், கதவோரமாக வைக்க முனைந்தான். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. ஒரு பக்கம் பிடிக்க நானும் கை நீட்டினேன். அப்போது பெறாமகள் இருவருக்கும் குறுக்கே வந்து நின்றாள்.

"அப்பா, அதைக் கிட்டக் கொண்டுவராதேங்கோ. எங்களைக் கொல்லப் போறீங்களோ?"

அவள் சொன்னது மிகையன்று. பெற்றோல் எரியும் புகையில் காபன் மொனொக்சைட்டு என்ற வாயு உண்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நமது குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் இவ்வாயுவைப் பற்றிக்கொள்ளும். ஆகவே சிறிதளவு போதும். தலைவலி வரும், உறக்கம் வரும், அவ்வுறக்கத்திலிருந்து எழுவது இல்லாமற் போகும். யன்னலைத் திறந்துவைத்தால் ஆபத்து நீங்கிவிடும் என்பதும் தவறு. வீட்டிலிருந்தும் வண்டியிலிருந்தும் ஆகக்குறைந்தது 20 அடிக்கு அப்பால், புகை மறுபுறம் போகும்படி வைக்கவேண்டும் என்பதே விதி.

"அந்த வாயு வந்தால் கத்துற கருவி வண்டிக்குள்ள இருக்குத்தானே, பிள்ளை?" என்றான் தம்பி.

"அதுவும் அந்தப் பற்றறியிலதான் ஓடுது, அப்பா. இப்ப அதுக்கு உயிரில்லை."

தம்பி மின்பிறப்பாக்கியைக் கீழே வைத்தான். நானும் என் கையை மடக்கிக்கொண்டேன். காவற்காரன் உறங்கும் வீட்டுக்குள் கள்வனை நாமே அழைக்கவிருந்தோம்.

வாய்க்காலின் தலைப்பிலிருந்து

மழை ஓயும்வரை வண்டிக்குள் இருந்தோம். வாயு அடுப்பிற் கொதித்த தேநீர் கையில் இருந்தது. ஆயினும் ஒருவரும் பேசவில்லை. இயந்திரத்தைத் தான் பார்க்கட்டுமா என்று மகள் முன்னிரவே கேட்டிருந்தாள். "கையை வையாதை பிள்ளை, ஷொக் அடிக்கும்" என்று தம்பி மறுத்திருந்தான். தானே பூட்டியதில் மகள் குற்றங் காண்பதா என்ற எண்ணம் அவனுக்குள் இருந்தது என்பதை ஓர் அண்ணன் அறியமாட்டானா?

எனக்கு எமது தகப்பனாரின் ஞாபகம் வந்தது. வெங்காயத் தோட்டத்திற்குத் துலாவால் இறைத்த காலத்திலும், பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்த காலத்திலும், கடைசிப் பாத்திக்கு நீர் வந்து சேரவில்லையென்று நாங்கள் ஓடிச்சென்று முறையிட்டால் அவர் பாத்தியைப் பார்க்கவே மாட்டார். "கிணத்தடிக்குப் போ. அங்கையிருந்து வாய்க்காலோடை நடந்து வா. உடைப்பு எங்கையெண்டு கால் நனையேக்கை தெரியும்" என்பார். நடப்போம். எங்காவது ஓர் எலிவளையிலே நீர் இறங்கிக்கொண்டிருக்கும்.

"தம்பி, அப்பு சொல்லுறது நினைவிருக்கோ?" என்றேன். அவன் சற்று நேரம் தேநீரைப் பார்த்தபடி இருந்தான். பின்பு மகளிடம் பன்மானியை எடுத்து நீட்டினான். "சரி, பிள்ளை. கிணத்தடியிலிருந்து வா" என்றான்.

அவள் செய்த ஒழுங்கை மாணவர்களுக்குப் பயன்படுமென்பதால் முறையாகச் சொல்கின்றேன். 120 வோல்ற்றும் உயிரைப் போக்கவல்லது. ஆகவே உறையிட்ட பன்மானிக் கம்பிகளையன்றி வேறெதனையும் அவள் வெறுங்கையால் தொடவில்லை என்பதையும் சேர்த்துக் கொள்க.

முதலில் மின்பிறப்பாக்கி. மழை விட்டதும், 20 அடிக்கு அப்பால் அதனை இயக்கி, வண்டியை இணையாமல், 1,500 உவாற்று மின்கேத்தலொன்றை நேரே அதில் மாட்டினாள். நீர் கொதித்தது. பன்மானி 120 வோல்ற்றைச் சுற்றியே நின்றது. கிணற்றில் நீர் இருந்தது, இயந்திரத்திற் பழுதில்லை. தம்பி வாங்க நினைத்த இரண்டில் ஒன்று அவ்விடத்திலேயே குறைந்தது.

அடுத்தது கம்பி. மின்பிறப்பாக்கியிலிருந்து வண்டிவரை வரும் தடித்த கம்பியின் மறுமுனையில் அளந்தாள். அங்கும் 120. முனைகளிற் கருகலோ களிம்போ இல்லை.

மூன்றாவது, வண்டிக்குள்ளே. பிறேக்கர்ப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த சிறு ஆளிகள் எல்லாவற்றையும் கீழே தள்ளினாள். இப்போது இன்வேர்ட்டரும் அதனுள்ளிருக்கும் சார்ஜரும் மட்டுமே மின்சாரம் பெறும். அதற்கு முன்பு அந்தச் சார்ஜரின் பசியையும் கணக்கிட்டாள். அது பற்றறிக்கு 100 அம்பியர்வரை கொடுக்கவல்லது. 14.4 வோல்ற்றில் 100 அம்பியர் என்றால் 1,440 உவாற்று; வழியில் வெப்பமாகப் போவதையும் கூட்டினால் மின்பிறப்பாக்கியிடம் அது கேட்பது ஏறக்குறைய 1,700. முற்றாக வெறுமையான பற்றறி அந்த முழு அளவையும் வாங்கும். 1,600 தருகின்ற சிறு இயந்திரத்திற்கு அதுவே மிகை. ஆகவே கட்டுப்பாட்டுத் திரையிற் சார்ஜரின் அளவைப் பாதியாகக் குறைத்தாள். இணைத்ததும் இயந்திரம் சற்றே உறுமி, பின் சீராக ஓடியது. பற்றறிக்குள் 50 அம்பியர் செல்வதாகத் திரை காட்டியது. இன்வேர்ட்டரும் பழுதன்று. இரண்டாவது செலவும் குறைந்தது.

"அப்ப ஏன் முந்தி விழுந்தது? நூறு அம்பியருக்கு நீ சொல்லுறது 1,700 தானே. 2,000 வரைக்கும் கொஞ்ச நேரம் தாங்கும். இது உடனயே விழுந்ததே" என்றான் தம்பி. கேள்வி நியாயமானது. வேறெங்கோ இன்னுமோர் உடைப்பு இருந்தது.

நான்காவதாக, கீழே தள்ளிய ஆளிகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கினாள். குளிர்சாதனப் பெட்டி, மாற்றமில்லை. சுவர்ச் செருகிகள், மாற்றமில்லை. இறுதியில் எழுத்து மங்கிய ஓர் ஆளி இருந்தது. அதைத் தூக்கியதும் வெளியே இயந்திரம் உறுமியது. அதேவேளை, நான் உட்கார்ந்திருந்த ஆசனத்திற்கு அடியில் 'ம்ம்' என்று இரைச்சல் எழுந்தது.

"பிள்ளை, பொறு! இதுதான் இராத்திரி முழுக்க எனக்குக் கீழ இரைஞ்சது" என்றேன்.

தன்னையே உண்ட பற்றறி

ஆசனப் பலகையைக் கழற்றினோம். உள்ளே தூசிபடிந்த ஓர் இரும்புப் பெட்டி. அதன் விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அது வண்டியைச் செய்தபோதே பூட்டப்பட்ட பழைய சார்ஜர். 55 அம்பியர் தரவல்லது. புதிய இன்வேர்ட்டருடன் புதிய சார்ஜரும் வந்துவிட்டது. பழையதன் தொடர்பைத் துண்டிக்கத் தம்பி மறந்துவிட்டான்.

முதற் புதிர் அவிழ்ந்தது. மின்பிறப்பாக்கியை இணைத்தபோதெல்லாம் இரண்டு சார்ஜர்களும் சேர்ந்து உண்ண வந்தன. புதியதற்கு 1,700, பழையதற்கு 900. ஆக 2,600 உவாற்று. சட்பரியிலே மின்தூண் 120 வோல்ற்றில் 30 அம்பியர், அதாவது 3,600 உவாற்றுத் தரக்கூடியது. அதனால் அங்கே குறை தெரியவில்லை.

இரண்டாம் புதிரையும் அவள் விடவில்லை. ஒரு மணி நேரம் பற்றறி நிரம்பியபின் மின்பிறப்பாக்கியை நிறுத்தினாள். விளக்கு, விசிறி யாவையும் அணைத்துவிட்டு இன்வேர்ட்டரை மட்டும் இயக்கினாள். பழைய சார்ஜரின் ஆளி மேலே இருந்தபோது, ஒன்றுமே பயன்படுத்தாத வண்டியில் பற்றறியிலிருந்து 18 அம்பியர் வெளியேறிக்கொண்டிருந்தது. ஆளியைக் கீழே தள்ளினாள். 2 அம்பியராகக் குறைந்தது. அது இன்வேர்ட்டர் விழித்திருப்பதற்கான செலவு மட்டுமே.

நடந்தது இதுதான். இன்வேர்ட்டர் பற்றறியிலிருந்து எடுத்து 120 வோல்ற்றாக்கியது. அந்த 120 வோல்ற்றைப் பழைய சார்ஜர் வாங்கி மீண்டும் 12 வோல்ற்றாக்கி, அதே பற்றறியை நிரப்ப முயன்றது. எடுத்ததை மீண்டும் இட்டால் நட்டமென்ன என்று கேட்கத் தோன்றும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பங்கு வெப்பமாகப் போகின்றது. கிணற்றில் இறைத்த நீரை ஓட்டை வாய்க்காலால் மீண்டும் கிணற்றுக்கே விட்டால் கிணறு வற்றுமா, நிரம்புமா? எமது பற்றறிகளின் கொள்ளளவு 220 அம்பியர்-மணி. ஆயுள் குறையாதிருக்க அதிற் பாதியைத்தான் எடுக்கலாம். மாலை ஐந்து மணி தொடங்கி அதிகாலை மூன்று மணிவரை, பத்து மணி நேரம் 18 அம்பியர் வீதம் 180. கணப்பு விசிறியும் தம்பியின் மூச்சு இயந்திரமும் எடுத்தது மிகுதி. கணக்கு மூன்று மணிக்கே வந்து முடிந்தது.

வைத்தியம் ஒரு விரல் அசைவு. அந்த மங்கிய ஆளியைக் கீழே தள்ளி, எவரும் தூக்காதபடி ஒட்டுநாடாவால் மறைத்தாள். வீடு திரும்பியதும் பழைய பெட்டியின் கம்பிகளைக் கழற்றுவது என்று முடிவாயிற்று.

தம்பி ஒட்டுநாடாவையே பார்த்துக்கொண்டு நின்றான். "பூட்டினது நான்தான்" என்றான் மெதுவாக. "கழட்டேக்கை நீயும் வா, பிள்ளை." அவள் தலையசைத்தாள். தகப்பனாரின் தோட்டத்தை அவள் கண்டதில்லை. அவர் இறந்தபின் வேறொரு கண்டத்திற் பிறந்தவள். ஆயினும் அன்று பிறேக்கர்ப் பெட்டியின் முன் குந்தியிருந்து அவள் ஒவ்வோர் ஆளியாகத் தூக்கியபோது, வாய்க்கால் வரம்பிலே குந்தியிருந்து மண்ணைத் தொட்டுப் பார்க்கும் அம்மனிதரையே நான் கண்டேன்.

இரண்டாம் இரவு

பின்னேரம்வரை மின்பிறப்பாக்கி ஓடியது. பற்றறி முதலில் விரைந்து நிரம்பும். கடைசி ஐந்திலொரு பங்கு மிக மெதுவாகவே ஏறும். அதுவரை காத்திருக்காமல், இரவுக்குப் போதுமானது சேர்ந்ததும் நிறுத்தினோம். இயந்திரம் ஓய்ந்தபின்தான் ஏரியின் ஓசை கேட்டது. தொலைவிலே வாத்துக்கள் தெற்கு நோக்கிக் கூட்டமாய்ப் பறந்தன.

2022ஆம் ஆண்டு எமது நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த நாட்களை அன்றிரவு அவர்களுக்குச் சொன்னேன். அக்காலத்தில் இன்வேர்ட்டரும் மின்பிறப்பாக்கியும் வாங்கிய குடும்பங்கள் பல. அவற்றுள் எத்தனை இன்றும் வீட்டு விறாந்தையிலோ சமையலறைப் பின்கதவோரத்திலோ இருக்கின்றனவோ? இதனை வாசிப்போர் வீட்டில் அவ்வாறு ஒன்று இருக்குமாயின், அதனை இன்றே முற்றத்திற்கு அப்பால் நகர்த்துமாறு கேட்டுக்கொள்கின்றேன். அது பழுதாகும் நாளில், புதியது வாங்கப் புறப்படுமுன் கிணற்றடியிலிருந்து ஒருமுறை நடந்து பாருங்கள். வீட்டில் ஒரு மாணவன் அல்லது மாணவி இருந்தால், பன்மானியை அந்தப் பிள்ளையின் கையிற் கொடுத்துவிட்டு நீங்கள் கூட நடவுங்கள்.

மேசைப் படுக்கையிற் படுத்தேன். எனக்கு அடியில் இரைச்சல் இல்லை. கணப்பு விசிறி இடையிடையே எழுந்து ஓய்ந்தது. திரைக்கு அப்பால் தம்பியின் மூச்சு இயந்திரம் ஒரே சீராய்க் காற்றை இழுத்து விட்டது. நள்ளிரவு கழிந்தது, மூன்று மணியும் கழிந்தது. கூடார வண்டியில் அவன் என் தோளிற் சாய்ந்து உறங்கிய காலத்தில் இருந்ததுபோல, அவன் மூச்சைக் கேட்டபடியே நானும் உறங்கிப்போனேன்.